மூன்றாவது வாளியில்தான் பியர் வந்தது

மெல்பர்னில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பியர் போடத் தடை இல்லை. சாராயம் வடித்தால்தான் குற்றம். அந்தத் தைரியத்தில் ஹாப்ஸ் (கசப்புச் சுவை தரும் பூ) சேர்த்த மால்ட் பாகு (முளைகட்டிய பார்லியின் சாறு) ஒரு டின், டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை ஒரு கிலோ, குழாய் வைத்த 30 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, வாயுவை மட்டும் வெளியே விடும் ஏர்லாக் எல்லாம் வாங்கினேன். கூடவே ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா. அது தண்டம். டின் பாகை வெந்நீரில் கரைத்து, 23 லிட்டருக்குத் தண்ணீர் விட்டு, ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவ அண்டா எதற்கு?

அது ஜனவரி, வெளியே 38 டிகிரி. இட்லி மாவு பொங்க வெக்கை நல்லதுதானே என்று வாளியைக் கராஜில் வைத்தேன். நாலே நாளில் நொதித்து அடங்கியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பாட்டிலைத் திறந்தால் பழுத்த வாழைப்பழ வாசனை, பின்னாலேயே நெயில் பாலிஷ் நெடி. நொதிக்கும்போது ஈஸ்ட்டே சூடு கிளப்பும் என்று அப்போது தெரியாது. அறையை விட வாளிக்குள் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே இருக்கும். ஏல் என்ற பியர் வகைக்கான ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 வரைதான் சுகம். என் டின்னோடு வந்த தாளில் 27 வரை போகலாம் என்றிருந்தது. நம்பாதீர்கள்.

இரண்டாவது வாளி ஜூன் மாதக் குளிரில். ஏர்லாக்கில் ஒரு குமிழிகூட இல்லை. ஈஸ்ட் செத்துவிட்டது என்று கொட்டப் போனவன், மூடியைத் திறந்தால் சுவரெல்லாம் பழுப்பு நுரை. ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் வாயு பக்கவாட்டில் போயிருக்கிறது. சரி, பத்து நாள் ஆயிற்றே என்று பாட்டிலில் அடைத்து, ஹீட்டர் ஓடும் அறையில் அடுக்கினேன். குளிரில் பாதியில் தூங்கிப்போன ஈஸ்ட் அங்கே விழித்துக்கொண்டு, மிச்சச் சர்க்கரையைத் தின்று மூடிய பாட்டிலுக்குள் வாயுவை நிரப்பியது. இரவு ஒன்றரை மணிக்கு முதல் பாட்டில் வெடித்தது. விடிவதற்குள் இன்னும் மூன்று.

அப்புறம்தான் திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வாங்கினேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அதன் எண் இறங்கும்; இறங்காமல் நின்றால் நொதித்தல் முடிந்தது. குழாயில் கொஞ்சம் பிடித்து உயரக் குப்பியில் ஊற்றி, ஹைட்ரோமீட்டரை ஒரு சுழற்று சுழற்றிவிட்டால் ஒட்டிய குமிழிகள் உதிரும். கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். மூன்றாவது வாளி 1.040-இல் தொடங்கியது. இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு தடவையும் 1.008 காட்டிய பிறகே பாட்டிலைத் தொட்டேன். ஆல்கஹால் சுமார் 4.2 சதவீதம். பாட்டிலில் நுரை ஏற லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை; அதற்கு மேல் போடக் கை வரவில்லை.

அண்டாக் காசுக்கு ஒரு பழைய ஃபிரிட்ஜ் கிடைத்திருக்கும். பிறகு அதையும் வாங்கி, வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை மாட்டினேன். சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல் வாளியின் பக்கத்தில் ஒட்டி, மேலே ஸ்பாஞ்ச் வைத்துக் கட்டினேன். 19-இல் இரண்டு வாரம் அசையாமல் நின்றது.

சுத்தம் பற்றி ஒன்றே ஒன்று: வாளிக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். நான் கழற்றியபோது உள்ளே முதல் வாளியின் கசடு பிசுபிசுவென்று இருந்தது. கழுவத் தேவையில்லாத சானிடைசரில் ஊறவைத்தபின் குழாய்த் தண்ணீரில் அலசவும் கூடாது. அந்தக் கை பழக்கத்தை விடத்தான் எனக்கு நாளாயிற்று.

குளிர்காலத்தில் அதே ஃபிரிட்ஜுக்குள் ஹீட் பெல்ட் (சூடேற்றும் பட்டை) வைத்தால் இட்லி மாவும் நன்றாகப் பொங்குகிறது. மாவுக்கு 28 வேண்டும், பியருக்கு 19. அதனால் பியர் போடும் இரண்டு வாரமும் வீட்டில் தோசைதான், அதுவும் கடை மாவில்.