ஹாலண்டும் ரெண்டு தட்டு அத்தோவும்

வியாசர்பாடியில் பெண் எடுத்தால் ஃபுட்பாலையும் சேர்த்துத்தான் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். பெரம்பூர்க்காரனான எனக்கு இது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், சின்ன வயதில் அங்கே தெரு டீமில் பேக், அதாவது தடுப்பாட்டம், ஆடியவர். இப்போது முட்டி ஒத்துழைக்காததால் போனில் ஃபேன்டஸி பிரீமியர் லீக் ஆடுகிறார்.

2024 ஆகஸ்டில் சொந்தக்காரர்களுக்குள் ஒரு லீக் ஆரம்பித்தார். வாரத்துக்கு ஒருவரோடு நேருக்கு நேர் மோதல், ஜெயித்தால் 3 புள்ளி. தோற்றவர் ஜெயித்தவர் வீட்டுக்குப் பிரியாணி வாங்கித் தர வேண்டும் என்பது மச்சானே சேர்த்த சட்டம். ஏழு பேர்தான் தேறினோம். எட்டாவதாக, எண்ணிக்கைக்காக, அவர் மனைவி போனிலிருந்தும் ஒரு டீமைப் போட்டு வைத்தார்கள்.

இரண்டாவது வாரம் எனக்கு எதிரில் மச்சான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கற்பனைப் பணம் 100 மில்லியன் பவுண்டுக்குள் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரர்கள் 15 பேரை வாங்கி, அதில் 11 பேரை இறக்க வேண்டும். நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதைப் பொறுத்து நமக்குப் புள்ளி. ஒருவரை கேப்டன் ஆக்கினால் அவர் புள்ளி இரண்டு மடங்கு. எதிராளி இந்த வாரம் யாரை இறக்குகிறார் என்று டெட்லைன் முடியும்வரை தெரியாது. போன வாரத்து டீமை மட்டும் பார்க்கலாம். நான் பார்த்தேன். ராத்திரி பன்னிரண்டு மணிவரை பார்த்தேன். நோட்டில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதினால், பதினொன்றில் ஏழு பேர் இரண்டு பேரிடமும் இருக்கிறார்கள். அவர்கள் எத்தனை கோல் அடித்தாலும் கணக்கு நேராகிவிடும். மீதி நாலு பேரும் கேப்டனும்தான் சண்டை.

இதை மனைவியிடம் ஆர்வமாக விளக்கினேன்.

"ஏழு பேர் ஒரே ஆளுங்கன்னா, அவங்களை விட்டுட்டு மீதிப் பேரை வெச்சு சீக்கிரம் முடிச்சுட்டுத் தூங்கலாம்ல?" என்றாள்.

பெரிய தலைவலி என்னிடம் இருந்த ஆஸ்டன் வில்லாக்காரர் வாட்கின்ஸ். அந்த வாரம் வில்லாவுக்கு ஆர்சனலோடு ஆட்டம். ஆர்சனல் கோல்கீப்பர் ராயா மச்சானிடம் இருக்கிறார். வாட்கின்ஸ் ஒரு கோல் அடித்தால் எனக்கு 4 புள்ளி, அதோடு மச்சானுக்குக் கோல் விடாததற்கு வரும் 4 புள்ளியும் போச்சு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அடிக்காவிட்டால் கல் என் மண்டையில்தான் விழும். எதிராளி யாராக இருந்தாலும் நிறைய புள்ளி எடுக்கக்கூடியவனை இறக்குவதுதான் புத்தி என்று விவரமானவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கெல்லாம் மச்சான் இல்லை போலிருக்கிறது.

வியாழக்கிழமை மச்சானின் பன்னிரண்டு வயதுப் பையன் தூக்கில் வஞ்சிரக் குழம்பு கொண்டு வந்தான். என்ன பாசம் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கும் அந்த யோசனை வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனை வியாசர்பாடியில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைக்குக் கூட்டிப்போனேன். ஒரு தட்டு அத்தோ, முட்டை மசாலா, வாழைத்தண்டு சூப். மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போட்டுக்கொண்டு அவன் பேசுவதாக இல்லை. இரண்டாவது தட்டு வந்ததும் வாயைத் திறந்தான்.

"அப்பா ஹாலண்டை கேப்டன்ல இருந்து எடுத்துட்டாரு மாமா. லிவர்பூல் சாலாவைப் போட்டுட்டாரு."

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. ஹாலண்டின் மான்செஸ்டர் சிட்டிக்கு, அப்போதுதான் பிரீமியர் லீக்குக்கு மேலே வந்த இப்ஸ்விச்சோடு, அதுவும் சொந்த மைதானத்தில் ஆட்டம். 15 மில்லியன் கொடுத்து வாங்கிய ஹாலண்டை அன்றைக்கு யாராவது கேப்டனிலிருந்து எடுப்பார்களா? இது மச்சான் சொல்லி அனுப்பிய பொய். அவர் ஹாலண்டைத்தான் வைத்திருக்கிறார். நானும் வைத்தால் சமமாகிவிடும். அப்புறம் எங்கே ஜெயிப்பது? சனிக்கிழமை மதியம் மூன்றரைக்கு டெட்லைன். மூன்று இருபத்தைந்துக்கு ஹாலண்டிடமிருந்து கேப்டன் பட்டையைக் கழற்றி நியூகாசிலின் இசாக்குக்குக் கட்டினேன்.

டெட்லைன் முடிந்து மச்சானின் டீமைத் திறந்தேன். கேப்டன், சாலா.

பையன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

ராத்திரி ஏழரைக்கு ஆட்டம். இப்ஸ்விச் முதல் கோல் அடித்தபோது எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அந்த உயிர் ஐந்து நிமிடம் இருந்தது. ஹாலண்ட் மூன்று கோல், சிட்டி 4-1. பத்து மணிக்கு வில்லா ஆட்டம். கோல் போஸ்ட்டின் மேல் கம்பியில் பட்டுத் திரும்பிய பந்தை, கீப்பர் கீழே கிடக்கும்போது வாட்கின்ஸ் பக்கத்தில் நின்று தலையால் முட்டினார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். ராயா எங்கிருந்தோ எம்பி அதைத் தடுத்தார். ஆர்சனல் 2-0. ஞாயிற்றுக்கிழமை இசாக் கோல் அடிக்கவில்லை. சாலா அடித்தார்.

மச்சானே போன் செய்தார்.

"ஏன் மாப்ள, ஹாலண்டை எதுக்குக் கழட்டுன?"

"நீங்க எதுக்கு மச்சான் கழட்டுனீங்க?"

"நீ அவனைத்தான் கேப்டனா வெச்சிருக்கேன்னு தகவல் வந்துச்சு. நானும் அதையே வெச்சா எப்படி ஜெயிக்கிறது?"

"தகவலா?"

"வியாழக்கிழமை உனக்கு எதுக்குக் குழம்பு குடுத்தனுப்புனேன்னு நெனச்ச? உன் போனைப் பார்த்துட்டு வர்றதுக்குப் பையனுக்கு அம்பது ரூபா குடுத்தேன்."

கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. ஹாலண்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஆளுக்கு 17 புள்ளியை வாசல்வரை வந்த பிறகு திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

"சரி மச்சான், இந்த வாரம் லீக்கில் யாருக்கு அதிகம்?"

அவர் பார்த்துவிட்டு, "உங்க அக்காவுக்கு" என்றார். ஹாலண்ட் கேப்டன், 34 புள்ளி. "இவளுக்கு ஆஃப்சைடே தெரியாதே மாப்ள. அந்த போனைப் பையன்தான் எப்பவும் நோண்டினு இருப்பான்..."

பிரியாணி வாங்கிக்கொண்டு போனேன். லெக் பீஸ் இரண்டும் பையனுக்கு. அங்கேயே உட்கார்ந்து அடுத்த வாரம் எனக்கு எதிரில் யார் என்று பார்த்தேன். எட்டாவது டீம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனே போன் செய்தான்.

"மாமா, இந்த வாரம் தகவல் ஏதாவது வேணுமா?"