மூட்டுக்குச் சத்து என்று வாங்கிய டப்பா

அம்மாவுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்; ரொம்பக் கூடினால் ரத்தக் கசிவு ஆபத்து) 5.8 என்று ரிப்போர்ட்டில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. இன்றைக்கு 2.9. இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. வீட்டில் யாராவது வார்ஃபரின், அதாவது ரத்தம் கட்டியாகாமல் இருக்கத் தரும் மாத்திரை, சாப்பிடுகிறார்கள் என்றால் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

அம்மா அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள். இதய வால்வு மாற்றி 9 வருஷம், அதற்காகத்தான் வார்ஃபரின். இரண்டு முட்டியும் தேய்மானம். வலி மாத்திரை போடக் கூடாது என்றதால், மெடிக்கலில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "அக்கா, இது மருந்தே கிடையாது, மூட்டுக்குச் சத்து. யாரும் சாப்பிடலாம்" என்று அந்தத் தம்பி ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். ஒரு நாளைக்குக் குளுக்கோசமின் 1500 மி.கி., காண்ட்ராய்டின் 1200 மி.கி., கூடவே மஞ்சள் சாறு. மருந்தே கிடையாது என்றதும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

ஆறாவது வாரம் காலையில், "ஏட்டி, பல்லு தேய்க்கையில ரத்தம் வருதுட்டி" என்றாள். துப்பிய நுரை ரோஸ் நிறத்தில் இருந்தது. முழங்கைக்குக் கீழே, எங்கும் இடிக்காமலே, நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது.

அடித்துப் பிடித்து ரயிலேறித் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு போடுகிற இடத்தில், "ஐஎன்ஆர் நோட்டு எங்க?" பதற்றத்தில் வீட்டிலேயே வைத்துவிட்டேன். "நோட்டு இல்லாம சீட்டு போட மாட்டோம், நாளைக்கு வாங்க." ரத்தம் வருகிறது என்று இரண்டு தடவை சொன்னேன். அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அம்மா அந்த முட்டியோடு ஸ்டேஷன் படிகளை மறுபடி ஏறி இறங்கியதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ரத்தக் கசிவு என்றால் சீட்டுக்கு நிற்கவே கூடாது, நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இதை மறுநாள் டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் நோட்டோடு, வீட்டில் இருந்த அத்தனை மாத்திரையையும் மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு போனேன். டாக்டரம்மா மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அந்த டப்பாவைத்தான் எடுத்தார். குளுக்கோசமினும் சரி, மஞ்சள் சாறும் சரி, வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடக்கூடியவையாம். குழம்பில் போடுகிற மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம், மாத்திரையில் இருப்பது பல மடங்கு செறிவானது என்றார். டப்பாவை அன்றே நிறுத்தினோம். வார்ஃபரின் அளவை அவரே மாற்றிக் கொடுத்தார். அதை நாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

இன்னொன்றும் காட்டினார். டப்பாவின் பின்பக்கம், பொடி எழுத்துக்குப் பக்கத்தில் பழுப்பு நிற முக்கோணம். அசைவம். குளுக்கோசமினைப் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்துதான் எடுக்கிறார்களாம். அம்மா பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொட்டதில்லை. ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சைவ வீட்டுக்காரர்கள் அந்த முக்கோணத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இறால், நண்டு ஒவ்வாமை இருக்கிறவர்களும்தான்.

சரி, வலியாவது குறைந்ததா? இல்லை. அமெரிக்காவில் 1,583 பேரை வைத்து, குளுக்கோசமினையும் காண்ட்ராய்டினையும் இதே அளவில் சோதித்துப் பார்த்து 2006-இல் முடிவை வெளியிட்டார்களாம். மொத்தத்தில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் இதற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வலி மிதமாகவோ கடுமையாகவோ இருந்த ஒரு பிரிவினருக்கு மட்டும் இரண்டும் சேர்ந்தது கொஞ்சம் கேட்டிருக்கிறது.

பிரிக்காத இன்னொரு டப்பாவை, பில் இருந்ததால், மெடிக்கலில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போது அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, ஐந்து எண்ணும்வரை அழுத்துகிறாள். காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். மூன்று வாரத்தில் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறாள்.

அடுத்த ஐஎன்ஆர் வியாழக்கிழமை. நோட்டின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து என் போனிலும் தம்பி போனிலும் வைத்துவிட்டேன்.