கேண்டீன் உணவு ஆர்டர் சிஸ்டம்: தேவை ஆவணத்தைச் சமையல்கட்டிலிருந்து எழுதிய அனுபவம்

பினாங்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. அதன் கேண்டீனுக்கு இணையவழி ஆர்டர் முறை கொண்டுவர, தேவை ஆவணம், அதாவது மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல், எழுதும் வேலை எங்கள் குழுவிடம் வந்தது. அதுவரை லைன் லீடர் ஒரு தாளைச் சுற்றுக்கு விடுவார். அவரவர் டிக் அடித்த தாள் கேண்டீனுக்குப் போகும். நிர்வாகம் கேட்டது ஓர் ஆப். அலுவலக மாடியில் உட்கார்ந்தால் பேச்சு நேராகத் திரை வடிவமைப்புக்கும் உணவுப் படங்களுக்கும் போய்விடும் என்பதால், முதல் கூட்டத்தையே சமையல்கட்டில் வைத்தோம். இந்த வகை மென்பொருளில் ஆர்டர் எத்தனை மணிக்கு மூடப்படும் என்பது முடிவாகாமல் வேறு எதையும் உருப்படியாக எழுத முடியாது. ரத்து, பணம் திருப்புதல், மாற்று உணவு எல்லாம் அதைப் பிடித்துத்தான் வரும்.

அந்த நேரத்தை மதியம் 12:00 மணிச் சாப்பாட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டோம். 11:45க்குப் பொட்டலம் அலமாரியில் இருக்க வேண்டும். கட்ட 45 நிமிடம். அடுப்பு 8:30க்குப் பற்றும். அரிசி அளக்க 8:15க்குள் எண்ணிக்கை கையில் வேண்டும். ஆளுக்கு 100 முதல் 120 கிராம் அரிசி என்றால் 300 பேருக்கு 30 முதல் 36 கிலோ. கடைசி நேரத்தில் இருபது பேர் கூடினாலும் இரண்டு கிலோ சொச்சம்தான், சமாளித்துவிடலாம். கோழியில் அது நடக்காது. உறைந்த கோழியை முதல் நாளே ஃப்ரீசரிலிருந்து, உறையவைக்காத குளிர்பெட்டியான சில்லருக்கு மாற்றினால்தான் மறுநாள் காலை வெட்ட வரும். வெளியில் வைத்து அவசரமாக இளக்கினால் கிருமி பெருகும்.

ஆகவே மூடும் நேரம் இரண்டு. கோழி, மீன், ஆட்டிறைச்சி முதல் நாள் மாலை 4:00. மற்றவை அன்று காலை 8:00. இடைப்பட்ட நேரத்தில் கோழியிலிருந்து சைவத்துக்கு மாறலாம், சைவத்திலிருந்து கோழிக்கு மாற முடியாது. மிஞ்சும் கோழி கவுண்டரில் விற்றுவிடும். இல்லாத கோழியை யாரும் கொண்டுவர முடியாது. இந்த ஒருவழி விதியைச் சமையல்காரர்களிடம் கேட்காமல் யாரும் எழுதியிருக்க முடியாது.

விதி கிடைத்ததும் அதைச் சோதிக்கத்தக்க வாக்கியமாக்க வேண்டும். ‘ஆர்டர் சரியான நேரத்தில் மூடப்பட வேண்டும்’ என்று எழுதினால் சோதிப்பவர் எதை வைத்துச் சரி, தவறு என்பார்? ஆவணத்தில் இப்படிப் போனது: ‘சர்வர் கடிகாரத்தின் மலேசிய நேரப்படி காலை 8:00:00 மணிக்குச் சிஸ்டம் அன்றைய மதிய ஆர்டரை மூட வேண்டும். 8:05க்குள் உணவு வாரியான மொத்த எண்ணிக்கை சமையல்கட்டுப் பிரிண்டரில் வர வேண்டும். வராவிட்டால் கேண்டீன் மேலாளரின் போனுக்கு அழைப்பு போக வேண்டும்.’ காகிதப் பட்டியலை விடக்கூடாது. இணையம் அறுந்த நாளிலும் சோறு வெந்தாக வேண்டும்.

அடுத்தது இரவு ஷிஃப்ட். மாலை 7:00க்குத் தொடங்கி காலை 7:00க்கு முடியும் ஷிஃப்டில் சாப்பாடு 00:30க்கு. திங்கட்கிழமை இரவு வேலைக்கு வந்தவர் சாப்பிடும்போது நாட்காட்டியில் செவ்வாய் பிறந்துவிடும். ஆளுக்கு நாளுக்கு ஒரு சலுகைச் சாப்பாடு என்பது விதி. தேதியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், ஒரே ஆளுக்குச் செவ்வாயன்று இரண்டு சலுகைச் சாப்பாடு போனதாக வரும்: திங்கள் ஷிஃப்டின் 00:30 சாப்பாடு ஒன்று, செவ்வாய் இரவு 9:00 மணிச் சிற்றுண்டி இன்னொன்று. அந்த விதி இரண்டாவதைத் தடுத்துவிடும். ஒவ்வொரு ஆர்டரிலும் ‘ஷிஃப்ட் தேதி’, ‘பரிமாறும் நேரம்’ என இரண்டு தனிப் புலங்கள் வைத்து, சலுகையை ஷிஃப்ட் தேதியோடு கட்டினோம். இடைவேளை நேரமும் சட்டத்தைத் தொடுகிறது. மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும். உணவு வாங்கும் வரிசையே அதில் 15 நிமிடத்தைத் தின்றால் ஓய்வு எங்கே? அதனால் ‘ஊழியர் கார்டைத் தட்டியதிலிருந்து பொட்டலம் கைக்கு வர 60 வினாடி’ என்று எழுதினோம்.

வரிசை என்றதும் கியோஸ்க் (தொட்டு ஆர்டர் போடும் திரை இயந்திரம்) கணக்கு. தூசி புகாத உற்பத்தி அறையான கிளீன் ரூமுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. ஷிஃப்ட் மாறும் அரை மணி நேரத்தில் சுமார் 300 பேர் லாக்கர் பக்கம் உள்ள கியோஸ்கில்தான் ஆர்டர் போடுவார்கள். மெனுவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஆளுக்கு 40 வினாடி என்றால், ஒரு கியோஸ்க் அரை மணியில் 45 பேரைத்தான் பார்க்கும். ஏழு கியோஸ்க் வேண்டும். கார்டைத் தட்டியதும் ‘போன முறை வாங்கியதே’ என்று ஒரு பெரிய பொத்தான் வந்தால் 10 வினாடி போதும். பெரும்பாலோர் அதை அழுத்தினால் இரண்டு கியோஸ்கில் முடியும், புதிதாகத் தேர்வோருக்காக மூன்றாவதாக ஒன்று. ஒரே ஒரு பொத்தான் நான்கு இயந்திரங்களின் செலவை மிச்சப்படுத்துகிறது. சர்வர் வேகத்தைப் பற்றி ஐ.டி. பிரிவு நிறையக் கவலைப்பட்டது. அரை மணியில் 300 ஆர்டர் என்பது ஆறு வினாடிக்கு ஒன்று. எந்தச் சாதாரண சர்வரும் தாங்கும்.

திரை மொழிகள் மலாய், ஆங்கிலம், தமிழ், நேப்பாளி, வங்காளம். பொத்தானில் எழுத்தோடு உணவின் படமும் எண்ணும் இருக்க வேண்டும்.

நாங்கள் அதிக நேரம் செலவிட்டது உணவு விவரத்தில். ‘சைவம்’ என்று ஒரே பெட்டி வைத்தால் நம் ஊரில் ஓடாது. புரட்டாசிச் சனிக்கிழமை சைவம் சாப்பிடும் நம்மவருக்கு வெங்காயம், பூண்டு ஆகும், முட்டை ஆகாது. சீனச் சைவர்களில் பலருக்கு வெங்காயமும் பூண்டும் ஆகாது. பிறைக் கணக்கில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மட்டும் சைவம் சாப்பிடுவோரும் உண்டு. மிளகாய் விழுதான சம்பாலில் பெரும்பாலும் பெலாச்சான் இருக்கும், அது புளிக்கவைத்த இறால் விழுது. கீரையை அதில் வதக்கினால் சைவம் போச்சு, இறால் ஒவ்வாமை உள்ளவருக்கு உடம்புக்கும் ஆபத்து. அதனால் ஒவ்வொரு உணவுக்கும் முட்டை, பால், வெங்காயம்-பூண்டு, இறால் மற்றும் பெலாச்சான், நெத்திலி, நிலக்கடலை, மாட்டிறைச்சி எனத் தனித்தனி ஆம்/இல்லை. நிரப்ப வேண்டியவர் சமையல் பொறுப்பாளர். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த உணவு மெனுவில் வராது. ஹலால் சான்று பெற்ற சமையல்கட்டின் பொட்டலமும் வெளிச் சைவக் கடையின் பொட்டலமும் ஒரே அலமாரித் தட்டில் கலக்காதபடி இட எண்ணையும் லேபிளில் சேர்த்தோம். சமைத்த நேரமும் லேபிளில் வேண்டும். நான்கு மணி நேரம் தாண்டியதை ஸ்கேனர் கொடுக்க மறுக்கும்.

இங்கே தரவுச் சட்டம் குறுக்கே வரும். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மத நம்பிக்கையும் உடல்நலமும் உணர்திறன் வாய்ந்த தரவு. பதிவுப் படிவத்தில் மதம் கேட்க ஒரு காரணமும் இல்லை. எதைச் சாப்பிடமாட்டார் என்று கேட்டால் போதும். ஒவ்வாமைக்குத் தனியாக வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். அந்த விவரம் சமையல்கட்டு லேபிளைத் தவிர வேறெந்த அறிக்கையிலும், குறிப்பாக எச்.ஆர். அறிக்கையில், தெரியக்கூடாது.

ரமலானுக்குத் தனிப் பயன்முறை எழுத வேண்டியிருந்தது. பினாங்கில் நோன்பு திறக்கும் மக்ரிப் நேரம் ஏறக்குறைய மாலை 7:30. பகல் ஷிஃப்ட் முடிந்து கிளம்புவோர் பொட்டலத்தைக் கேட்டில் வாங்க வேண்டும். இரவு ஷிஃப்ட்காரர்களோ வேலை தொடங்கிய அரை மணியில் நோன்பு திறப்பார்கள், கேண்டீன் வரை நடக்க நேரமில்லை. ஆகவே பெறும் இடம் ஓய்வறை வாரியாக மாறும், நேரம் தினசரித் தொழுகை அட்டவணையிலிருந்து வரும். விடியலுக்கு முன் உண்ணும் சஹூர் உணவின் ஆர்டருக்கு இன்னொரு மூடும் நேரம். மதிய எண்ணிக்கை அந்த மாதம் சரிவதால், குறைந்தபட்ச எண்ணிக்கை பற்றி கேண்டீன் ஒப்பந்தத்தில் உள்ளதையும் பார்த்துவிட வேண்டும்.

பண விஷயத்தில் எச்.ஆர். எளிதாக நினைத்தது சம்பளப் பிடித்தம். வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பிடித்தங்களைக் கட்டுப்படுத்துகிறது: ஊழியரின் எழுத்து வேண்டுகோள், சில வகைகளுக்குத் தொழிலாளர் துறையின் முன் அனுமதி, பொதுவாக மாதச் சம்பளத்தில் பாதி என்ற உச்சவரம்பு. இவை தெளிவாகும்வரை முதல் பதிப்பில் ஆர்டருக்கு, போனில் கியூஆரை ஸ்கேன் செய்து பணம் கட்டும் டூயிட்நௌ கியூஆர் மட்டும் என்று நிறுத்தினோம். மிஞ்சியதைக் கவுண்டரில் விற்று ரொக்கம் வாங்கினால் தொகை 5 சென்னுக்கு முழுமையாக்கப்படும், மின்னணு முறையில் பணம் கட்டும்போது அப்படி இல்லை. முழுமையாக்கலுக்குத் தனி வரி வைக்காவிட்டால் நாள் முடிவுக் கணக்கு சில சென் இடித்துக்கொண்டே இருக்கும்.

கையொப்பத்துக்கு முன் ஒவ்வொரு தேவைக்கும் ஓர் எண்ணும் ஒரு பொறுப்பாளரும் இட்டோம். மூடும் நேரங்களுக்குச் சமையல் பொறுப்பாளர், சலுகைக்கு எச்.ஆர்., கியோஸ்குக்கு உற்பத்திப் பிரிவு. பொறுப்பேற்க ஆள் வராத தேவைகள், நட்சத்திர மதிப்பீடும் உணவுப் பரிந்துரையும் உட்பட, இரண்டாம் பதிப்புக்குப் போயின.