காயில் கடைக் குறிப்புகள்: தகட்டுக்குள் என்ன இருக்கிறது

மார்ச் 4, 2025, செவ்வாய், சுங்கை சிப்புட், மலேசியா

செம்பனை மில்லிலிருந்து பிரஸ் மோட்டார் வந்து இறங்கியது. போன வருஷம் வேறொரு கடையில் காயில் (கம்பிச்சுருள்) புதிதாகச் சுற்றியதாம். லோடு இல்லாமல் ஓடவிட்டாலே கொதிக்கிறது. வைண்டிங்கை, அதாவது சுற்றிய கம்பியை, அளந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் கோர்தான், கம்பியைத் தாங்கும் இரும்புத் தகடுகளின் அடுக்கு. பழைய கம்பியை உருவுவதற்கு கேஸ் டார்ச்சை நேரே காட்டியிருக்கிறார்கள். ஸ்டேட்டரின் (மோட்டாரில் சுழலாமல் நிற்கும் பாகம்) பல் ஓரமெல்லாம் நீலம் பாய்ந்து கிடக்கிறது. தகடுகளுக்கு இடையில் இருந்த பூச்சு கருகிப்போச்சு.

"இரும்புதானேண்ணே, எரிச்சா என்ன ஆயிடும்?" என்றான் பயிற்சிக்கு வந்திருக்கும் பாலிடெக்னிக் தம்பி.

மார்ச் 6, வியாழன்

காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால் இரும்புக்குள்ளேயே மின்சாரம் சுழன்று சூடாகும். அதற்குத்தான் பூச்சு பூசிய மெல்லிய தகடுகளாக அடுக்குவது. தடிமன் பாதியானால் அந்தச் சுழல் இழப்பு கால்வாசியாகிவிடும். இன்னொரு வழி, இரும்பின் மின்தடையை ஏற்றுவது. அங்கேதான் சிலிக்கான் வருகிறது. 3 சதவீதம் சேர்த்தாலே சுத்த இரும்பைவிடத் தடை ஏறக்குறைய ஐந்து மடங்கு.

தம்பி உடனே, "அப்ப இன்னும் நிறையப் போடலாமே?"

வாயால் சொல்லவில்லை. ஓரத்தில் கிடந்த பழைய டிரான்ஸ்ஃபார்மர் தகட்டையும் ஒரு சின்ன மோட்டார் தகட்டையும் எடுத்து, இரண்டையும் குறட்டில் பிடித்து மடக்கிக் காட்டினேன். மோட்டார் தகடு சொன்னபடி வளைந்தது. சிலிக்கான் கூடின டிரான்ஸ்ஃபார்மர் தகடு ரெண்டாவது மடக்கிலேயே "டக்"கென்று ஒடிந்து, ஒடிந்த வாயில் மணிமணியாய் மின்னியது. சிலிக்கான் ஏற ஏற முறுக்குமாதிரி நொறுங்கும். 4 சதவீதத்தைத் தாண்டினால் ஆலையில் குளிர்நிலையில் உருட்டுவதே பெரும்பாடு.

காந்தமும் குறையும். சுத்த இரும்பு 2.15 டெஸ்லா (காந்தச் செறிவின் அளவு) வரை தாங்கும். 3 சதவீத சிலிக்கானில் அது 2.0 பக்கம் இறங்கும். அந்த எல்லையை உயர்த்த வேண்டுமென்றால் கோபால்ட்தான். அதன் விலைக்கு விமானத்தில் வைக்கலாம், மில்லில் வைக்க முடியாது.

மார்ச் 7, வெள்ளி

மில்லு டெக்னிசியன் அப்துல்லா வந்தார். நோன்பு மாசம், அவருக்குத் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) சொல்ல வழியில்லை. மில் சப்ஸ்டேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஏன் இரைகிறது என்று கேட்டார். காந்தமேறும்போது தகடு இம்மியளவு நீண்டு சுருங்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 தடவை. சிலிக்கான் 6.5 சதவீதமானால் அந்த நீட்சி ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். ஆனால் அவ்வளவையும் முதலிலேயே கலந்து உருட்ட முடியாது. ஜப்பானில் 3 சதவீதத் தகட்டை உருட்டி முடித்து, அப்புறம் சிலிக்கான் டெட்ராகுளோரைடு வாயுவில் சூடாக்கி மிச்சத்தை ஊறவைக்கிறார்கள். சாமர்த்தியம்தான்.

மார்ச் 9, ஞாயிறு

கடை லீவு. மற்ற கலவைகளை எழுதி வைக்கிறேன். அலுமினியமும் தடையை ஏற்றும், சிலிக்கான் அளவுக்கு நொறுங்கவிடாது. பாஸ்பரஸ் கொஞ்சம் இருந்தால் தகடு அச்சில் சுத்தமாக வெட்டுப்படும். எதிரி கார்பன்தான்: பல மாதம் வெதுவெதுப்பிலேயே ஓடினால் கார்பைடாகப் படிந்து இழப்பைக் கூட்டும். அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மர்கள் வயதாக ஆகச் சூடேறியது அதனால்தான். இங்கிலாந்தின் உலோக ஆய்வாளர் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் 1900 வாக்கில் சிலிக்கான் எஃகைக் கொண்டுவந்த பிறகே அந்தத் தொல்லை அடங்கியது. இன்றைய நல்ல தகட்டில் கார்பன் 0.003 சதவீதத்துக்குள்.

மார்ச் 11, செவ்வாய்

மில்லிலிருந்து போன். "டிரான்ஸ்ஃபார்மர் தகட்டையே வெட்டிப் போட்டு அடுக்கிடேன்!"

ஆகாது. 1934-இல் அமெரிக்காவின் நார்மன் காஸ் என்பவர் காப்புரிமை வாங்கிய முறையில் செய்யும் அந்தத் தகட்டில் படிகங்கள் எல்லாம் உருட்டிய திசையைப் பார்த்தே நிற்கும். மாங்கனீசு சல்பைடோ அலுமினிய நைட்ரைடோ துளி சேர்த்து, மற்ற படிகங்கள் வளராமல் தடுத்து வாங்கும் வேலை அது. டிரான்ஸ்ஃபார்மரில் காந்தம் போகும் பாதை நேர்ப்பாதை, அங்கே அது ராஜா. மோட்டாரிலோ காந்தம் சுற்றிக்கொண்டே இருக்கும்; குறுக்கே திரும்பியதும் அந்தத் தகடு சண்டித்தனம் பண்ணும்.

புது மோட்டார் வாங்கச் சொன்னேன். விலை கேட்டு நாளைக்குக் கூப்பிடுகிறார்களாம்.