பட்டாளத்தார் சிலையின் முழங்கை: மூன்றாவது பூச்சு

சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊர். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பட்டாளத்தார் சிலை உண்டு. 1971 போரில் இறந்த எங்கள் ஊர்க்காரருக்காக வீட்டுக்கு வீடு வரி பிரித்து வைத்தது. ஆளுயர சிமெண்டுச் சிலை. குனிந்த தலை, தலைகீழாக ஊன்றிய துப்பாக்கி. "துப்பாக்கிய நேரா வச்சா என்னவே?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். துக்கத்துக்கு அப்படித்தான் பிடிப்பார்கள் என்று, பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த தாத்தா ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

வலது முழங்கையில் விரல் நுழைகிற வெடிப்பு. சித்திரையில் கரணையும் ஒரு சட்டி சாந்துமாகப் போய் அடைத்தேன். மூன்றே வாரம், அதே இடத்தில் பிளந்துவிட்டது.

கொத்தனார் அண்ணாச்சி சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தார். பொள்ளல் சத்தம். "உள்ள கம்பி துரு ஏறி ஊதிருக்கு தம்பி. மேல பூசி என்ன செய்ய?" இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கு மேல் பருக்கும், சிமெண்டைப் பிளக்க அது போதும். சிமெண்டின் காரம் கம்பியைக் காக்கத்தான் செய்யும். ஆனால் காற்றில் இருக்கிற கரியமில வாயு வருஷக்கணக்கில் அந்தக் காரத்தைத் தின்றுவிடும்.

பெயிண்டைச் சுரண்டியபோது தடிமனாக ஒரு சில்லு கழன்று வந்தது. அதன் விளிம்பில் பச்சை, காவி, பச்சை, சாம்பல் என்று பதினொரு அடுக்கு எண்ணினேன். எல்லாம் ஆகஸ்ட் 15-க்கு ஊர்ப் பிள்ளைகள் ஆசையாய் அடித்த எனாமல். வெடிப்பு வழியாக இறங்கிய மழைத்தண்ணீர் அதைத் தாண்டி எப்படிக் காயும்?

ஆடி பிறந்ததும் இரண்டாவது முயற்சி. கம்பி சுற்றிலும் தெரிகிறவரை உளியால் கொத்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, சிமெண்டு ஒன்றுக்கு மணல் மூன்று என்ற கலவையில் பூசினேன். சாயங்காலம் பார்த்தால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ஆடிக்காற்று ஈரத்தை உறிஞ்சிவிட்டது. காற்றுக்குக் குடை நிற்காத ஊரில், நனைத்த சாக்கைச் சும்மா போர்த்திவிட்டு வந்தது என் மடத்தனம்.

அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மூன்றாவது தடவை. இந்த முறை சாக்கைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் கட்டி, ஏழு நாளும் காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். அப்புறம் தட்டிப் பார்த்தேன், கெட்டிச் சத்தம். ஐப்பசி மழை தாண்டட்டும்.

நேற்று டீக்கடை அண்ணாச்சி கையில் புது எனாமல் டப்பாவோடு நிற்கிறார். சிலைக்கு வேண்டாம், சுற்றியிருக்கிற கம்பி வேலிக்கு அடிப்போம் என்று பேசி முடித்திருக்கிறேன்.