‘ரன்’னைத் துரத்திய ஆறு வாரம்

எல்லாம் ‘உலர் ஓட்டம்’ என்ற இரண்டு சொற்களில் தொடங்கியது. ஒரு பயிற்சிக் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அதில் வந்த ‘டிரை ரன்’னை மொழிபெயர்ப்பு மென்பொருள் அப்படித்தான் மாற்றித் தந்தது. சிரித்துவிட்டு ‘ஒத்திகை’ என்று திருத்தினேன். இரண்டு பக்கம் தள்ளி ‘ரன் த்ரூ’ வந்தது. அதுவும் ஒத்திகைதான். அதற்கடுத்த பக்கத்தில் ‘ட்ரையல் ரன்’. இதற்கும் ஒத்திகையா? மென்பொருளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

சரி, இந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் போவோம் என்று முடிவு செய்தேன். சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள், நான் ‘ரன்’ சேர்ப்பேன். விதிகள் மூன்று. ஓர் அட்டையில் ஒரே வாக்கியம். நானாகப் படித்ததோ காதால் கேட்டதோ மட்டும்தான் கணக்கு. மூன்று வாரம் வரை அகராதியைத் திறக்கக் கூடாது. அட்டை முறை என் கண்டுபிடிப்பு இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே இப்படித்தான் உருவானது. 1879-இல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே, ஊர் ஊராக இருந்த தன்னார்வலர்களிடமிருந்து வந்த துண்டுச் சீட்டுகளைப் புறாக்கூண்டு மாதிரியான மர அறைகளில் அடுக்கி வைத்து வேலை பார்த்தார். 1915-இல் அவர் இறந்தபோதும் அகராதி முடியவில்லை. 1928-இல்தான் முடிந்தது. எனக்கு அட்டை போட ஒரு பழைய செருப்புப் பெட்டி போதுமாக இருந்தது.

முதல் வாரம்: 63 அட்டை

நினைத்ததைவிட வேகமாகச் சேர்ந்தது. செய்தி, வசன எழுத்து, மின்னஞ்சல், மருந்துச் சீட்டு, கிரிக்கெட் வர்ணனை என்று எங்கே பார்த்தாலும் இந்தச் சொல்தான். வார முடிவில் எண்ணிப் பார்த்தால் 63 அட்டை. அதில் உண்மையிலேயே இரண்டு காலால் யாரோ ஓடியது ஐந்தே ஐந்தில்தான்! மீதி 58-இல் குழாய் ஓடியது, மூக்கு ஓடியது, சாயம் ஓடியது, ஒப்பந்தம் இரண்டு வருடம் ஓடியது, சாலை ஆற்றங்கரையோரமாக ஓடியது. சாலை எங்கும் போகவில்லை, கிடந்த இடத்திலேயே கிடந்துகொண்டு ‘ரன்’ ஆகிறது.

இரண்டாம் வாரம்: முதல் தோல்வி

தமிழ் அர்த்தத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று நினைத்தேன். ஒரே தமிழ்ச் சொல் பொருந்துகிற அட்டைகள் எல்லாம் ஒரு குவியல். மேசை முழுக்கக் குவியல்தான் மிஞ்சியது. மூக்குக்கு ‘ஒழுகுது’, சாயத்துக்கு ‘போகுது’, ஒப்பந்தத்துக்கு ‘செல்லும்’, சாலைக்கு ‘நீள்கிறது’, நிறுவனத்துக்கு ‘நடத்துகிறார்’, கள்ளச்சரக்குக்கு ‘கடத்துகிறார்’, சிவப்பு விளக்குக்கு ‘மதிக்காமல் போனார்’, காய்ச்சலுக்கு ‘அடிக்குது’. 90 அட்டைக்கு 41 குவியல். இது வகைப்படுத்தலே இல்லை.

ஆனால் அந்தக் குழப்பத்தில் ஒரு நல்ல அட்டை கிடைத்தது. தேர்தல். அமெரிக்கர்கள் தேர்தலுக்கு ‘ரன்’ என்கிறார்கள். அதே செயலுக்கு பிரிட்டிஷ்காரர்கள் ‘ஸ்டாண்ட்’ என்கிறார்கள். அங்கே ஓடுகிறார், இங்கே நிற்கிறார், வேட்பாளர் ஒருவர்தான். தமிழ் இதில் பிரிட்டன் பக்கம். நாமும் ‘தேர்தலில் நிற்கிறார்’ என்றுதானே சொல்கிறோம். காலுறையில் நூல் பிரிந்து கோடு விழுந்தால் அமெரிக்காவில் அது ‘ரன்’, பிரிட்டனில் ‘லேடர்’, அதாவது ஏணி. இந்த இரண்டு அட்டைகளையும் தனியாகப் பின் குத்தி வைத்தேன். எந்த வகையிலும் சேர்க்க மனம் வரவில்லை.

மூன்றாம் வாரம்: வால்களும் மின்விசிறியும்

அடுத்த முயற்சி, ‘ரன்’னுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொல்லை வைத்துப் பிரிப்பது. அப், டவுன், இன், அவுட், ஆஃப், ஓவர், இன்டு, த்ரூ. இது ஒழுங்காக இருக்கும் என்று தோன்றியது. பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. உள்ளே திறந்தால் ஒவ்வொன்றும் ஒரு கூட்டுக்குடும்பம்.

‘ரன் டவுன்’ என்றால் வண்டி ஏற்றுவது. ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவதும் அதுதான். பேட்டரி இறங்கினாலும் ரன் டவுன், உடம்பு ஓய்ந்து போனாலும் ரன் டவுன், கவனிப்பாரில்லாத வீடும் ரன் டவுன். ‘ரன் அப்’ இன்னும் மோசம். பந்து வீசுகிறவர் ஓடி வருவது, கடனை ஏற்றிக்கொள்வது, கொடியை ஏற்றுவது, தையல் மெஷினில் அவசரமாக ஒரு சட்டை தைத்துப் போடுவது, தேர்தலுக்கு முந்தைய பரபரப்பு நாட்கள் எல்லாமே அதற்குள்தான். இதிலாவது ‘மேலே போவது’ என்ற நூல் கொஞ்சம் தெரிகிறது. ‘ரன் இன்டு’ ஒருவரைத் தற்செயலாகச் சந்திப்பது, மரத்தில் வண்டியை மோதுவது, செலவு லட்சக்கணக்கில் போவது. ‘நேற்று அவனுக்குள் ஓடினேன்’ என்று மென்பொருள் ஒருமுறை எனக்கு எழுதிக் கொடுத்தது. அதை மட்டும் அட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

‘ரன் அவுட்’ நமக்குப் பழகிய சொல். ஸ்டம்ப் விழுந்துவிடும், மட்டையாளர் வெளியே. ஆனால் அதோடு ஓர் ‘ஆஃப்’ சேர்ந்தால் கிரிக்கெட் காணாமல் போய், கையிருப்பு தீர்ந்துபோவது வந்து நிற்கும். பொறுமை தீர்ந்தாலும் அதேதான். எனக்கு அந்த வாரமே தீர்ந்தது. அடுக்கி முடித்த இரவு யாரோ மின்விசிறியைப் போட்டுவிட, 130 அட்டையும் பறந்து கலந்துவிட்டன. முதலில் எரிச்சல், அப்புறம் யோசித்தால் பெரிய நஷ்டம் இல்லை. அந்த அடுக்கும் எதையும் விளக்கவில்லை.

நான்காம் வாரம்: அகராதி

விதிப்படி இப்போது திறக்கலாம். திறந்ததும் முதலில் ஓர் ஆறுதல். நான் மட்டும் திணறவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு. 430 அர்த்தம், ஏறக்குறைய 60,000 சொல் நீளம். அதன் பிறகு நடந்த திருத்த வேலையில் ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டுமே 645 அர்த்தம். அதைத் தொகுத்த பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் இந்த ஒரு சொல்லோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார். என் மூன்று வாரமெல்லாம் எம்மாத்திரம்.

ஆனால் எனக்கு உண்மையில் உதவியது அந்த எண்ணிக்கை இல்லை. சொல்லின் பிறப்பைப் பற்றிய நான்கு வரிதான்.

பழைய ஆங்கிலத்தில் இது ஒரு சொல் இல்லை, இரண்டு. ‘ரின்னன்’ அல்லது ‘இர்னன்’ என்றால் தானாக ஓடுவது, தண்ணீர் பாய்வதும் அதில் அடக்கம். ‘ஆர்னன்’ என்பது அதன் பிறவினை, இன்னொன்றை ஓட வைப்பது. காலப்போக்கில் இரண்டும் ஒரே உருவமாகக் கலந்து இன்றைய ‘ரன்’ ஆகிவிட்டன.

படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இது நம் ‘ஓடு’, ‘ஓட்டு’ அல்லவா? ஆடு–ஆட்டு, கூடு–கூட்டு, உருள்–உருட்டு என்று நாம் சிந்திக்காமலே பிரித்துப் பேசுகிற அதே பிரிவு. ஆங்கிலத்துக்கும் அது ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. இன்றும் சில ஜோடிகள் மிச்சம் இருக்கின்றன. ‘ரைஸ்’ எழுவது, ‘ரெய்ஸ்’ எழுப்புவது. ‘லை’ கிடப்பது, ‘லே’ கிடத்துவது. ‘சிட்’ உட்காருவது, அதன் பிறவினைதான் ‘செட்’. ஆமாம், அந்தப் பழைய சாம்பியன் ‘செட்’டேதான்! அங்கே ஜோடி பிரிந்து நிற்கிறது, ‘ரன்’னில் மட்டும் ஒட்டிப்போய்விட்டது. இவ்வளவு நாள் ஒரு சொல்லென்று நினைத்து நான் இரண்டு சொல்லைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூக்குக்கும் குழாய்க்கும் சாயத்துக்கும் பதில் அங்கேயே இருந்தது. பாய்வது, ஒழுகுவது எல்லாம் பிறகு ஒட்டவைத்த உருவகம் இல்லை, ஆதியிலேயே சொல்லுக்குள் இருந்தவை. ஜெர்மன் மொழியில் இது இன்னும் ‘ரென்னன்’, ‘ரின்னன்’ என்று பிரிந்தே இருக்கிறது. முதலாவது ஓடுவது, இரண்டாவது ஒழுகுவது. நம்மிடமும் ஆறு ஓடத்தானே செய்கிறது, சின்ன ஆற்றுக்கு ‘ஓடை’ என்றே பெயர்.

ஐந்தாம் வாரம்: இரண்டே பெட்டி

இப்போது 214 அட்டை. ‘ஓடு’ பெட்டி, ‘ஓட்டு’ பெட்டி என்று இரண்டு மட்டும். ஒவ்வோர் அட்டையிடமும் ஒரே கேள்வி: தானாக நடக்கிறதா, ஒருவர் நடத்துகிறாரா? ஒரே மாலையில் 170-க்கு மேல் உட்கார்ந்துவிட்டன. நாடகம் ஓடுகிறது, நிரல் ஓடுகிறது, இயந்திரம் ஓடுகிறது ஒரு பக்கம். நிறுவனம், பத்திரிகையில் செய்தி போடுவது, குளிக்கத் தொட்டியில் தண்ணீர் விடுவது, சோதனை நடத்துவது மறுபக்கம்.

தமிழ் ‘ஓட்டு’ எல்லா இடத்திலும் அப்படியே நிற்கும் என்று சொல்லவில்லை. ‘அவர் ஒரு நிறுவனத்தை ஓட்டுகிறார்’ என்றால் ஏதோ சிரமப்பட்டுத் தள்ளிக்கொண்டு போகிறார் என்ற வாடை வந்துவிடும். குடும்பத்தை ஓட்டுவது, காலத்தை ஓட்டுவது, பழைய போனை இன்னும் ஒரு வருடம் ஓட்டுவது எல்லாவற்றிலும் அந்தச் சிரமம் இருக்கிறது. ஆங்கிலத்து ‘ரன்’னில் அது இல்லை. நண்பர்கள் சேர்ந்து ஒருவனை ஓட்டுவதற்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ உதவாது. தேர்தலில் ‘ரன்’ செய்கிறவர் நம்மிடம் ஓட்டு கேட்டு நிற்கிறார் என்பது தற்செயல். அந்த ஓட்டு வேறு குடும்பம், ‘வோட்’டின் தமிழ் வேடம்.

இரண்டு பெட்டியிலும் அடங்காதவை சில. ‘ரன்’ என்றால் வெறுமனே ‘ஆகு’ என்ற பொருளில் வருபவை: கிணறு வற்றுவது, கையிருப்பு குறைவது, தாமதமாவது. இவற்றுக்கு ஒரு சின்னக் கவர் போட்டேன். ‘ரன் அமக்’கில் பின்பாதி மலாய் மொழியிலிருந்து வந்தது, வெறி பிடித்துத் தாக்குவது. ‘ரன் ஆஃப் த மில்’ ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் வந்த சரக்கு, அதனால் ‘சாதாரணமானது’. இவை சுலபம்.

எனக்குப் பிடித்தது ‘ரன் த கான்ட்லெட்’. எல்லாப் பக்கமிருந்தும் தாக்குதலை வாங்கிக்கொண்டு கடந்து போவது. கான்ட்லெட் என்றால் இரும்புக் கையுறை. கையுறையை எப்படி ஓடுவது? உண்மையில் கையுறைக்கு இதில் வேலையே இல்லை. இரண்டு வரிசையாக வீரர்கள் கையில் தடியோடு நிற்க, குற்றவாளியை நடுவே ஓடவிடும் தண்டனைக்கு ஸ்வீடிஷ் மொழியில் ‘காட்லோப்’ என்று பெயர். ‘காட்’ சந்து, ‘லோப்’ ஓட்டம். 17-ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு ‘கான்ட்லோப்’ என்று வந்து, காதில் கேட்ட மாதிரி ‘கான்ட்லெட்’ ஆகிவிட்டது. ஆக, ‘சந்தோட்டத்தை ஓடு’ என்பதுதான் பொருள். நம் ‘நடு சென்டர்’ போல ஓட்டம் இரண்டு தடவை.

ஆறாம் வாரம்: திரும்பிப் பார்த்தல்

இந்த வாரம் ஆங்கில அட்டையே எழுதவில்லை. தமிழில் ‘ஓட்டம்’ எழுத ஆரம்பித்தேன். நீரோட்டம், இரத்த ஓட்டம், பண ஓட்டம், முன்னோட்டம். கண்ணோட்டம் என்று எழுதியபோது கை நின்றது. இன்று அதற்குப் பார்வை, கோணம் என்று பொருள். திருக்குறளின் 58-ஆம் அதிகாரத்துக்குப் பெயர் கண்ணோட்டம், அங்கே அது இரக்கம். நம் ஓட்டமும் சும்மா இருந்த இடத்தில் இருக்கவில்லை. மின்னோட்டம் இன்னொரு வேடிக்கை. ‘கரண்ட்’ என்பதன் லத்தீன் வேரே ‘ஓடு’தான். திரையில் துடிக்கும் ‘கர்சர்’ லத்தீனில் ஓட்டக்காரன்.

அப்புறம் வெள்ளோட்டம். புதிதாகச் செய்த ஒன்றை முதன்முதலாக ஓட்டிப் பார்ப்பது. ‘ட்ரையல் ரன்’னுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் கிடைக்காது. ‘டிரை ரன்’னுக்கும் பல இடங்களில் சரியாகவே பொருந்தும். மென்பொருள் ‘ஓட்டம்’ வரை சரியாகத்தான் வந்திருக்கிறது, ‘உலர்’தான் வழுக்கிவிட்டது. ஓட்டமே வேண்டாம் என்று அடித்துத் திருத்தியவன் நான்.

கடைசி அட்டை அலுவலகத்தில் காதில் விழுந்தது. இரண்டு பேர் கணினி முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ப்ரோக்ராம் ரன் ஆகுதா?”

“இன்னும் ரன் பண்ணவே இல்லைங்க.”

‘ரன் ஆகு’, ‘ரன் பண்ணு’. ஆங்கிலத்தில் எப்போதோ ஒட்டிப்போன ‘ஓடு’வையும் ‘ஓட்டு’வையும், கடன் வாங்கிய கையோடு இரண்டு பேரும் மறுபடி பிரித்துவிட்டார்கள். இலக்கணம் என்று ஒன்று நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. இரண்டு வாக்கியத்தையும் இரண்டு அட்டையில் எழுதி, ஒன்றை ஒரு பெட்டியிலும் மற்றதை அடுத்த பெட்டியிலும் போட்டேன்.

மொத்தம் 231. அதில் 11 அட்டை இன்னும் மேசை மேலேயே கிடக்கிறது, காலுறையும் ஏணியும் உட்பட. கையேட்டில் ‘ட்ரையல் ரன்’ வந்த இடத்தில் ‘வெள்ளோட்டம்’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். ‘ரன் த்ரூ’வுக்கு ஒத்திகையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.