அலமாரியில் ஒரு டப்பா

"சிஸ்டம் டவுன்" என்று கவுண்டரில் சொன்னதும், வரிசை முழுக்க ஒரு பெருமூச்சு. பினாங்கில் ஓர் அரசு கிளினிக். அம்மாவின் சர்க்கரை மருந்துக்காகப் போயிருந்தேன்.

மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர் அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தார். ரப்பர் பேண்ட் போட்ட நம்பர் அட்டைகள், காலிப் பதிவுத் தாள்கள், பேனாக்கள். மூடியின் உள்பக்கம் யாருக்கு என்ன வேலை என்று மலாயில் எழுதி ஒட்டியிருந்தது.

"பாட்டி, உங்க பழைய புக் இருக்கா? அது போதும்."

வரிசை நகர்ந்தது.

2025 மார்ச்சில் கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவின் கணினிகளை ஹேக்கர்கள் முடக்கி 1 கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள். பிரதமர் அன்வார் தர மறுத்தார். விமான நேரங்களை ஊழியர்கள் வெள்ளைப் பலகையில் கையால் எழுதினார்கள். நான் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எழுத ஆள் இருந்தது பெரிய விஷயம்.

இப்படித் தடங்கல் வந்தாலும் சேவை நிற்காமல் நடக்க முன்கூட்டியே போடுவதுதான் சேவைத் தொடர்ச்சித் திட்டம். அதற்கு ஐஎஸ்ஓ 22301 என்று ஒரு சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. அதன் மையக் கேள்வி எளிது: எந்தச் சேவை எவ்வளவு நேரம் நிற்கலாம்?

லைசென்ஸ் புதுப்பிப்பது நாளைக்குப் போகலாம். டயாலிசிஸ் போக முடியாது. அவசர உதவி எண் 999 ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது.

அப்புறம் ஆட்கள். 2017 நவம்பர் வெள்ளத்தில் இங்கே சாலைகளே மூழ்கின. அப்படி ஒரு நாளில் வேலைக்கு வர முடிந்த நாலு பேரை வைத்து எதை முதலில் நடத்துவது? இதைத் தண்ணீர் ஏறிய பிறகு உட்கார்ந்து யோசிக்க முடியாது. ஃபைலில் எழுதி வைத்தாலும் போதாது, ஒத்திகை வேண்டும்.

அரசுப் பணியில் இருக்கும் நண்பர்களே, உங்கள் அலுவலகத்தில் கடைசியாக எப்போது சிஸ்டத்தை அணைத்துவிட்டு வேலை செய்து பார்த்தீர்கள்?